மோந்து பார்க்கட்டும், விடு

நாய்க்கு மனச்சோர்வு வரும் என்று என் மகன் அமெரிக்காவிலிருந்து போனில் சொன்ன அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது. வீடியோவில் அவன் முகம் சுண்டிப்போனது.

"சிரிக்காதம்மா. நாய்க்கு நடக்கறது பெரிய விஷயம் இல்ல, மோந்து பாக்கறதுதான் விஷயம். நீ என்னடான்னா தரதரன்னு இழுத்துட்டுப் போற, தரதரன்னு இழுத்துட்டு வர்ற. அதோட மூளைக்கு வேலையே இல்ல."

"எனக்கும்தான்டா மூளைக்கு வேலை இல்ல. என்னை யாரு மோந்து பாக்க விடுறா?"

"அம்மா, ப்ளீஸ்மா."

அந்த நாயை வாங்கி வந்தது அவன்தான். முந்தைய விடுமுறையில் திருச்சிக்குப் போய் ஒரு லேப்ரடார் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் ஹாலில் விட்டுவிட்டு, அடுத்த வாரமே விமானம் ஏறிவிட்டான். உங்க ரெண்டு பேருக்கும் துணையா இருக்கும் என்றான். துணையாம் துணை! அது தின்பதற்கு ஆக்கிப் போடுவதும் நான், அது போனதை அள்ளுவதும் நான். முட்டி தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன கிழவிக்குத் துணைக்கு ஒரு கன்றுக்குட்டி அளவு நாய்.

சிரித்ததற்குப் பதிலாக ஒரு பார்சல் வந்தது. நாய்க்கு மார்போடு மாட்டும் வார், நீளமான ஒரு கயிறு. கூடவே போனில் பாடம். இழுக்கக் கூடாது. அது நின்றால் நாமும் நிற்க வேண்டும். மூக்கைத் தரையில் வைத்திருக்கும்போது கூப்பிடக் கூடாது, அதுவாக முடித்துவிட்டு நிமிரும். எந்தப் பக்கம் போவது என்பதையும் அதுவே முடிவு செய்யட்டும். "உன் கல்யாணத்துக்கே நீ இவ்வளவு விவரம் சொல்லலியேடா" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

அதே வாரம் இன்னொரு பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் பூட்டு. நல்ல கனமான பூட்டு. அது அவன் அப்பாவுக்கு.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தாராசுரத்துக்கு வெளியே வயல் இருந்தது. அரசலாற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் பாசனம். ஆற்றில் தண்ணீர் வருவது வர வர சந்தேகமாகி, மகனுக்கு இன்ஜினியரிங் சீட்டும் வாங்க வேண்டியிருந்தபோது, மனை போடுகிறவர்கள் வந்து கேட்டார்கள். கொடுத்துவிட்டார். வரப்பை அழித்துக் கல் ஊன்றி, வளைவு வைத்து, ஏதோ நகர் என்று பெயரும் வைத்தார்கள். அதற்குப் பிறகு இவர் செய்ததை வேறு ஊர்க்காரன் கேட்டால் நம்ப மாட்டான். விற்ற வயலிலேயே ஒரு மனையைத் திரும்ப வாங்கி வீடு கட்டினார். அதுவும் வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் முதலில் பாயும் இடமாகப் பார்த்து. "தலைமடையை விட்டுக் கொடுக்க முடியாது" என்றார். மடையும் இல்லை, பாய்வதற்கு வயலும் இல்லை, தலைமடை மட்டும் வேண்டும்! என் சமையலறை இருக்கும் இடம் எங்கள் பழைய நாற்றங்கால். ஐப்பசி மழையில் தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு நேராக எங்கள் ஹாலுக்கு வரும்.

பிறகு அவருக்கு ஞாபகம் போக ஆரம்பித்தது. மருமகள் யார் என்று கேட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, சாப்பாடு போடவில்லையா என்றார். தண்ணீரை மட்டும் மறக்கவில்லை. விடிந்தும் விடியாமலும் மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "தண்ணி பாத்துட்டு வந்துடுறேன்" என்று கிளம்பிவிடுவார். நம் முறைக்குத் தண்ணீர் ஏறிவிட்டதா, எவனாவது வரப்பை வெட்டித் திருப்பிக்கொண்டானா என்று பார்க்க ஆயுள் முழுக்கப் போன நடை அது. அவர் காலுக்கு அது மூன்றாவது குறுக்குத் தெரு என்று தெரியாது. வரப்பென்றே போகும்.

ஒரு நாள் இரண்டாவது தெருவில் சாக்கடைத் தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்திருக்கிறார். மனுஷனுக்குப் பொறுக்குமா? அங்கிருந்த ஒரு வீட்டுத் தோட்டத்து மண்ணை வெட்டிப் போட்டு, அணை கட்டி, அழகாக மடையை அந்த வீட்டுப் பக்கமே திருப்பிவிட்டார். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் அந்த வீட்டில் குடியிருந்தார். அவர் எழுந்து வந்து பார்த்தபோது கார் நிற்கும் இடம் முழுக்கச் சாக்கடை. எங்கள் வாசலுக்கு வந்து கத்தினார். இவர் அமைதியாக, "உன் வயலுக்குத்தான்யா பாய்ச்சியிருக்கேன். கூலியெல்லாம் வேண்டாம், போ" என்றார். அன்றும் நான் சிரித்தேன். அதிகாரி சிரிக்கவில்லை. அவரிடம் என் மகனின் நம்பர் இருந்தது. அப்படி வந்ததுதான் பூட்டு.

"ரோட்டுல விழுந்து இடுப்பு ஒடஞ்சா யாரும்மா பாக்கறது? கேட்டைப் பூட்டி வை" என்றான் மகன். நியாயமான பேச்சு. பூட்டினேன். மம்பட்டியையும் பரணில் தூக்கிப் போட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சாதுவான மனிதராக இருந்தவர் இல்லை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே வீடு வாயை மூடிக்கொள்ளும். கோபம் வந்தால் கையில் என்ன இருக்கிறதோ அது பேசும். கோபக்காரர், ஆனால் மனசு தங்கம் என்று ஊரில் சொல்வார்கள். அந்தத் தங்கத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நாங்கள் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம், சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விடுவோம்.

ஆக, காலையில் கேட்டுக்கு உள்ளே இரண்டு ஜீவன்கள் நிற்கும். ஒன்றுக்கு வாரை மாட்டி வெளியே கூட்டிப்போவேன். இன்னொன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நானும் வரேன், தண்ணி வந்துருக்கும்" என்று கெஞ்சும். நான் பூட்டிக்கொண்டு நகர்ந்ததும் சொம்பை எடுத்துக் கம்பியில் தட்ட ஆரம்பித்துவிடுவார். டங், டங், டங். தெருவே ஜன்னலைத் திறந்து பார்க்கும். நாயோ கவலையே இல்லாமல் ஒரு மின்கம்பத்தின் அடியை மேலும் கீழுமாக மோந்துகொண்டிருக்கும். பிறகு ஒரு செங்கல்லை. பிறகு எவனோ துப்பிய இடத்தை. இழுக்கக் கூடாதே! நானும் நின்றுகொண்டிருப்பேன், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. நாய்க்கு ஊர்வலம், மனுஷனுக்குச் சிறை. என்ன ஏற்பாடுடா இது என்று மகனைத் திட்டிக்கொண்டே நிற்பேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டைத் திறந்து, கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். "இந்தாங்க, புடிங்க. ரெண்டு பேருமா போங்க, நான் பின்னால வரேன்."

கயிறு கைக்கு வந்ததும் மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிறோம் என்று நினைத்துவிட்டார் போல. நடையே மாறிவிட்டது. எங்கள் கல்யாணமான புதிதில் அவரோடு கடைத்தெருவுக்குப் போனால், அவர் முன்னால் போய்க்கொண்டே இருப்பார், நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருவேன். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்த மனிதர் நாய் நின்ற இடமெல்லாம் நின்றார். அது ஒரு பொந்தில் மூக்கை விட்டால், இவர் பக்கத்து மதகில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்து, "தண்ணி வந்துடும், நாளைக்கு வந்துடும்" என்பார். முட்டி வலி தாங்காமல் நான் கயிற்றைச் சுண்டினால் என்னைத் தடுப்பார்.

"மோந்து பாக்கட்டும், விடு. வாயில்லா ஜீவன்."

அன்று வீட்டுக்கு வந்து இட்லியை ஒழுங்காகச் சாப்பிட்டார். மத்தியானம் தூங்கினார். சொம்புச் சத்தம் இல்லை. அதன் பிறகு தினமும் மூன்று பேருமாகப் போனோம். மகனிடம் சொல்லவில்லை. அவன் வீடியோவில் நாயைக் காட்டச் சொல்லும்போது, அவர் தெரியாத மாதிரி போனைத் திருப்பிப் பிடித்துக்கொள்வேன்.

தை மாதம் மகன் தனியாக விடுமுறைக்கு வந்தான். வந்த மறுநாளே தூக்கம் கலைந்து எழுந்துவிட்டவன், நாங்கள் மூன்று பேரும் கிளம்புவதைப் பார்த்துவிட்டான். நான் எதிர்பார்த்த சத்தம் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தான். நாய் எங்கே நின்றாலும் முகத்தில் ஒரு பூரிப்பு. "பாரும்மா, காது எப்படி நிக்குது பாரு. இப்ப அது யோசிக்குது" என்று எனக்கு விளக்கிக்கொண்டே வந்தான். ஒரு வேலியோரம் நாய் நின்று நின்று மோந்துகொண்டிருக்க, வெயில் ஏறும்வரை இவன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நகரின் கோடியில் இன்னும் வீடு கட்டாத மனைகள் இருக்கின்றன. மழைத் தண்ணீர் வற்றிச் சேறாகக் கிடக்கும். நாய் அங்கே இறங்கி ஒரு நண்டு வளையைக் கண்டுபிடித்துவிட்டது. மூக்கை உள்ளே விடுவதும், தும்முவதும், காலால் பறிப்பதுமாக ஒரே குதூகலம். இவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"உள்ள இருக்குடா நண்டு. நல்லாப் பாரு, பாரு. ஒண்ணும் அவசரமில்ல" என்று நாயின் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

மகனின் முகம் மாறியதைப் பார்த்தேன். விறுவிறு என்று சேற்றில் இறங்கி, அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தான். "போதும். எந்திரிங்க. கெளம்புங்க." அவர் தடுமாறி ஒரு கையைச் சேற்றில் ஊன்றிக்கொண்டார். அவன் விடாமல் இழுத்தான்.

எனக்கு வந்ததே கோபம்! நடுத்தெரு என்றுகூடப் பார்க்கவில்லை. "ஏண்டா, நாய் நின்னா நீயும் நிக்கிற. பெத்த அப்பன் நின்னா இழுக்கிறியா? நாய்க்குக் கொடுக்கிற பொறுமையில ஒரு துளி அந்த மனுஷனுக்குக் கொடுத்தா நீ கொறஞ்சா போயிடுவ? நாயை மோந்து பாக்க விடுன்னு எனக்குப் பாடம் எடுத்தியே, அவரு நாயை விடக் கேவலமாடா?" பால்காரர் வண்டியை மெதுவாக்கி எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்.

மகன் கத்தவில்லை. அப்பாவின் கையை விட்டுவிட்டு, "நாய் என்னை அடிச்சதில்லம்மா" என்றான்.

அவன் நண்டு வளையைக் காட்டினான்.

"இதே வயல்தான். இதே மாதிரி ஒரு நண்டு வளை. பள்ளிக்கூடம் போற வழியில குனிஞ்சு பாத்துட்டு நின்னேன். பின்னால வந்து மம்பட்டிக் காம்பால முதுகுல போட்டாரு. என்னடா வேடிக்கைன்னு கேட்டுக் கேட்டுப் போட்டாரு. நீ எண்ணெய் தடவி விட்டு, அப்பா உன் நல்லதுக்குத்தான் அடிச்சாருன்னு சொன்ன."

"வேற என்னடா சொல்லச் சொல்ற? ஏன் அடிச்சீங்கன்னு கேட்டதுக்கு அன்னிக்கு ராத்திரி வீட்டுல எனக்கும்தான் விழுந்துச்சு."

"தெரியும். கதவுக்குப் பின்னாடிதான் நின்னுட்டு இருந்தேன்."

அவன் அப்பா எங்களைப் பார்க்கவே இல்லை. சேற்றுக் கையை நாயின் மூக்குக்கு நேராக நீட்டி, அது நக்குவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் எதுக்கும்மா நீ அவரை இப்படிக் கூட்டிட்டுத் திரியற?" என்று கேட்டான் மகன். அவன் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டான். நான் அவரைத் தூக்கி நிறுத்தி, கையைத் துடைத்து, வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டே இன்னொன்றையும் சொன்னான். காபியில் சர்க்கரை குறைவாக இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னான். "அந்தப் பூட்டை அவரு விழுந்துடுவாருன்னு மட்டும் அனுப்பலம்மா. கொஞ்ச நாள் அவரும் உள்ளயே கெடக்கட்டும்னு தோணுச்சு."

"சீ! பெத்த அப்பன்டா" என்றேன்.

"ஆமாம்" என்றான். பிறகு, "சாவி உன்கிட்டதான இருக்கு. உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டுத் திருச்சிக்குக் கார் ஏறினான்.

பல நாள் அவனைத் திட்டித் தீர்த்தேன். படிக்க வைத்து, பிளேன் ஏற்றி அனுப்பினால் இப்படியா ஒரு பிள்ளை பேசும்! வழக்கம்போல மூன்று பேருமாக நடக்கப் போனோம். ஆனால் அவன் சொன்னது தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுவிட்டது. இவர் நாயிடம், "மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல" என்று கொஞ்சும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் குரல் இவரிடம் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. எங்கே வைத்திருந்தார்? எனக்கு ஒரு நாள், ஒரு வேளை கொடுத்திருக்கக் கூடாதா? சிரிக்காதீர்கள், நாயின் மேல் எனக்குப் பொறாமை வந்தது.

பிறகு அந்தக் காலை. நான் முட்டிக்குப் போடும் உறையைத் தேடிக்கொண்டு உள்ளே இருந்தேன். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஏய்! எங்கடி போய்த் தொலஞ்ச? வந்து தொறடி!"

நோய் அவரிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அந்தக் குரலை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் விட்டுவைத்திருந்தது. சாவி என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து ஓடினேன். ஆமாம், ஓடினேன், இந்த முட்டியோடு. கேட்டுக்கு அருகில் போய் நின்ற பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன். தோல் தொங்கி, நரம்பு மட்டும் நின்ற கை. அந்தக் கையால் இனி ஒரு கொசுவைக்கூட அடிக்க முடியாது. அது எனக்குத் தெரியும். என் உடம்புக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

நாய்க்கு வாரை மாட்டினேன். கேட்டைத் திறந்து அதை வெளியே விட்டேன். அவரும் பின்னாலேயே வந்தார், கயிற்றுக்குக் கையை நீட்டிக்கொண்டு. மார்பில் கை வைத்து உள்ளே தள்ளினேன். பலமாக இல்லை. இரண்டடி பின்னால் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்து பூட்டினேன்.

சொம்புச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர் வீட்டுப் பெண் நிமிர்ந்து, "என்னங்கம்மா, ஐயாவை விட்டுட்டுப் போறீங்க? கூப்புடுறாரே" என்றாள்.

"கூப்புடட்டும்" என்றேன்.

அன்று நாய் மோந்த இடத்தில் எல்லாம் நிதானமாக நின்றேன். ஒரு வேப்பங்கன்று, தண்ணீர்த் தொட்டி, புதிதாகக் கொட்டிய மணல் குவியல். எனக்கும் பார்ப்பதற்கு நிறைய இருந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, யாருக்கும் நான் பின்னால் ஓடவில்லை. வெயில் சுட ஆரம்பித்த பிறகே திரும்பினேன். அவர் கேட்டின் அடியில் உட்கார்ந்தபடி தூங்கிப்போயிருந்தார், சொம்பு மடியில் கிடந்தது. எழுப்பி இட்லி கொடுத்தேன். சாப்பிட்டார்.

மகன் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறான். நாய் எப்படி இருக்கிறது என்று கேட்பான், நன்றாக இருக்கிறது என்பேன். அப்பா எங்கே என்பான், உள்ளே இருக்கிறார் என்பேன். அவன் மேலே கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

சில நாள் அவரையும் கூட்டிப்போகிறேன். சில நாள் நாயோடு மட்டும் போகிறேன். எந்த நாள் எப்படி என்பதற்குக் காரணம் ஒன்றும் கிடையாது, நான் எழுந்து வரும்போது என் மனசு எப்படி இருக்கிறதோ அப்படி. அவருக்கு அது பிடிபடவில்லை. விடிந்ததும் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் என் முகத்தையே பார்க்கிறார், இன்றைக்கு எப்படி இருக்கும் என்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவர் முகத்தை அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.